பின் பிரேக்: காலுக்குப் பழக்கம் வந்த பிறகு

பைக்கின் பின் பிரேக்கைப் பற்றி இரண்டு விதமான அறிவுரை காதில் விழும். "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடித்துவிடும், காலால் மட்டும் பிடி" என்பது ஒன்று. "நிறுத்துவது எல்லாம் முன் பிரேக்தான், பின்னால் இருப்பது சும்மா பேருக்கு" என்பது இன்னொன்று. டிரம் பிரேக் வண்டியை நெடுநாள் ஓட்டி, அப்புறம் பின்னாலும் டிஸ்க் இருக்கும் வண்டிக்கு மாறி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு அறிவுரையுமே ஓட்டுபவனுக்கு உதவாது என்றுதான் சொல்வேன். வண்டியை நிதானத்தில் வைத்திருப்பதுதான் பின் பிரேக்கின் முதல் வேலை. நிறுத்துவதில் அதற்குப் பங்கு உண்டு, ஆனால் அந்தப் பங்கு நொடிக்கு நொடி மாறும். அந்த மாற்றத்தைக் கால் பழகிக்கொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிரேக் பிடித்ததும் பாரம் முன்பக்கம் சாய்கிறது. முன் ஃபோர்க் அமுங்குவது கையிலேயே தெரியும். அதே நேரத்தில் பின் சக்கரத்தின் மேல் பாரம் குறைகிறது. பாரம் குறைந்தால் டயருக்குப் பிடிப்பும் குறையும். உலர்ந்த ரோட்டில் பலமாகப் பிடிக்கும்போது நிறுத்தும் வேலையில் 70 சதவீதமோ அதற்கு மேலோ முன் சக்கரம்தான் செய்கிறது. இதைப் பலரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது இதன் அடுத்த பாதி: பிடிக்கத் தொடங்கும்போது சரியாக இருந்த கால் அழுத்தம், பாரம் முன்னால் போன பிறகு அதிகமாகிவிடும். காலை அப்படியே வைத்திருந்தாலும் சக்கரம் லாக் ஆகும், அதாவது வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சுழலாமல் நின்று இழுபடும். அதனால் கை இறுக இறுகக் கால் இளக வேண்டும். இது எனக்குப் பழகத்தான் அதிக நாள் பிடித்தது. அவசரத்தில் கையும் காலும் சேர்ந்து இறுகுவதுதான் உடம்பின் இயல்பு.

இப்போது நான் செய்வது இப்படி. முன் பிரேக்கைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால் பெடலை லேசாகத் தொடுகிறேன். பின்பக்கம் கொஞ்சம் கீழே அமர்கிறது, அப்புறம் முன் பிரேக்கைப் படிப்படியாக இறுக்கினால் மூக்கு குத்துவது குறைகிறது. பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். அவர் நம் முதுகில் வந்து மோத மாட்டார். ஆள் இருக்கும்போது பின் டயரில் பாரமும் கூடுதல் என்பதால் பெடலைத் தாராளமாகவே அழுத்தலாம். தனியாகப் போகும்போது அதே அழுத்தம் ஆகாது.

சக்கரம் லாக் ஆனால் எப்படி இருக்கும் என்று காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் பெடலில் இருந்த உயிர் போய்விடும், மரக்கட்டையை மிதிப்பது போல. உடனே பின்னால் சர்ரென்று இழுக்கும் சத்தம், சீட்டுக்குக் கீழே வண்டி மெல்ல ஒரு பக்கம் நழுவும். நேராக நழுவும்போதே காலை இளக்கினால் சக்கரம் மறுபடி உருண்டு வண்டி நிமிர்ந்துகொள்ளும். பின்பக்கம் நன்றாகப் பக்கவாட்டில் போன பிறகு சட்டென்று காலை எடுப்பது ஆபத்து: டயர் திடீரென்று பிடித்து, ஓட்டுபவரை மறுபக்கம் தூக்கி எறிந்துவிடும். அந்த நிலை வந்துவிட்டால் பெடலை விடாமல், பார்வையைத் தூரத்தில் வைத்து, லாக் ஆனபடியே வண்டியை நிறுத்துவதுதான் மேல். ஆளில்லாத, மண் கலந்த திறந்த இடத்தில், மெதுவான வேகத்தில், நேர்கோட்டில் வேண்டுமென்றே லாக் செய்து விடுவித்துப் பழகலாம். அதைவிடப் பயன்பட்ட பயிற்சி எனக்கு வேறில்லை. கியரைப் படபடவென்று குறைத்துக்கொண்டே பெடலையும் மிதித்தால் எஞ்சினின் இழுப்பும் சேர்ந்து லாக் இன்னும் சீக்கிரம் வரும் என்பதும் அங்கேதான் காலுக்குப் புரியும்.

மெதுவாகப் போகும்போதுதான் பின் பிரேக் தன் முழு மதிப்பைக் காட்டுகிறது. குறுகலான இடத்தில் யூ-டர்ன் போடும்போது, ஹேண்டில் முழுக்கத் திரும்பியிருக்க முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி அப்படியே உள்பக்கம் சரியும். அங்கே கிளட்ச் பாதி, ஆக்ஸிலரேட்டர் கொஞ்சம், பெடலில் இடைவிடாத லேசான அழுத்தம். எஞ்சின் முன்னால் தள்ள, பிரேக் பின்னால் பிடிக்க, இரண்டுக்கும் நடுவில் வண்டி விறைப்பாக நின்று திரும்பும். கால் கீழே வைக்காமல் திரும்ப முடிகிறது என்றால் அதற்குக் காரணம் வலது கால்தான். நெரிசலில் ஊர்வதற்கும் இதே முறைதான். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது பெடலைப் பிடித்துக்கொண்டு இடது காலை ஊன்றினால், வலது கை ஆக்ஸிலரேட்டருக்கு முழுதாகக் கிடைக்கிறது.

ஜல்லி, மணல், ஈர இலை கிடக்கும் இடங்களில் முதல் பிடி காலில்தான். பின் சக்கரம் நழுவினால் சமாளிக்க நேரம் உண்டு. முன் சக்கரம் நழுவினால் பெரும்பாலும் அது கூடக் கிடைக்காது. சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறதே என்று நம்புபவர்கள், அது ஒற்றைச் சேனலா இரட்டைச் சேனலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றைச் சேனல் என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். பின் சக்கரம் எப்போதும் போல லாக் ஆகும்.

ரேஸ் ஓட்டுபவர்களுக்குப் பின் பிரேக்கே தேவையில்லை என்று சொல்பவர்களுக்கு ஆஸ்திரேலிய பைக் ரேஸ் வீரர் மிக் டூஹனை நினைவூட்டுவேன். 1992-இல் நெதர்லாந்தின் அசென் ரேஸ் களத்தில் நடந்த விபத்தில் வலது கால் மோசமாக அடிபட்டு, பெடலைச் சரியாக மிதிக்க முடியாமல் போனது அவருக்கு. இடது கட்டைவிரலால் அழுத்தும் பின் பிரேக்கை அவருடைய ஹோண்டாவில் பொருத்தினார்கள். 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து முறை 500 சிசி உலகச் சாம்பியன். அந்த வேகத்திலும் பின் பிரேக் இல்லாமல் இருக்க அவர் விரும்பவில்லை.

பெடலை நம் காலுக்கு ஏற்ப வைத்துக்கொள்வது ரொம்ப முக்கியம். ஃபுட்ரெஸ்டில் பாதம் இயல்பாக இருக்கும்போது பெடல் பூட்ஸுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். உயரமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் காலைத் தூக்கி வைக்க வேண்டிவரும், தெரியாமலே கால் அதன் மேல் ஓய்வெடுக்கவும் தொடங்கும். பிரேக் லைட் ஓயாமல் எரிந்தால் பின்னால் வருபவருக்கு நாம் எப்போது நிறுத்துகிறோம் என்றே தெரியாது. டிரம்மும் சூடேறிப் பிடிப்பு குறையும். தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸை நான் விட்டுவிட்டேன், அதில் பெடல் பேசுவது காலுக்குக் கேட்பதில்லை.

டிரம் வண்டிகளில் பெடலிலிருந்து டிரம்முக்குப் போகும் ராடின் நுனியில் இருக்கும் நட்டைத் திருகித்தான் பெடலின் ப்ளேயை, அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரத்தை, சரி செய்வோம். பல வண்டிகளுக்கு அது 20 முதல் 30 மி.மீ.; உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். செயினை இறுக்கும்போது சக்கரம் பின்னால் நகர்வதால் இந்த ப்ளே குறைந்துவிடும், அதனால் செயின் வேலை முடிந்ததும் பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்துவிடுவேன். டிஸ்க்கில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், பெடல் மெத்தென்று இறங்கினால் அதற்கு முன்பே.