ஸ்ட்ரீமிங் டிவி ஃபீடைச் சோதிக்க எஃப்எஃப்ப்ரோப்: கோபியிலிருந்து ஒரு மதிப்புரை

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு சின்ன வீடியோ ஆபீஸில் வேலை செய்கிறேன். அந்தியூர் குதிரைச் சந்தை, பண்ணாரி குண்டம், வள்ளி கும்மி அரங்கேற்றம் என்று இந்தப் பக்கத்து நிகழ்ச்சிகளைப் படம் பிடித்து எங்கள் ஸ்ட்ரீமிங் சேனலில் போடுகிறோம். அமெரிக்காவில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் டிவியில் மாட்டும் ரோக்கு பெட்டியில் பார்க்கிறார்கள். ஃபீடைக் கொடுத்தால் சேனலை அமைத்துத் தரும் டைரக்ட் பப்ளிஷர் சேவையை ரோக்கு 2024 ஜனவரியில் மூடியதும் சொந்தமாக ஆப் செய்துகொண்டோம். அது இன்றைக்கும் அந்தப் பழைய ஜேசன் ஃபீடைத்தான், அதாவது வீடியோக்களின் தலைப்பு, விவரம், நீளம், இணைப்பு அடங்கிய பட்டியல் கோப்பைத்தான் படிக்கிறது. ஃபீடை ஏற்றுவது என் பொறுப்பு. ஏற்றும் முன் நான் ஓட்டிப் பார்க்கும் இலவசக் கருவிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் ஜேசன்லின்ட். பிரவுசரில் திறந்து, ஃபீடை ஒட்டி, பட்டனை அழுத்தினால் போதும். கடைசி வீடியோவுக்குப் பின்னால் தவறி நிற்கும் கமா, வேர்டிலிருந்து ஒட்டும்போது வந்துவிடும் வளைந்த மேற்கோள் குறி இரண்டையும் வரி எண்ணோடு காட்டிவிடும். அந்த வேலையைக் குறையில்லாமல் செய்கிறது. ஆனால் அது பார்ப்பது இலக்கணம் மட்டும். வீடியோ நீளத்தை ஃபீடில் நொடியில் தர வேண்டும். எடிட்டர் தம்பி 42 நிமிடப் படத்துக்கு 2520 என்று போடாமல் 42 என்று போட்டாலும் ஜேசன்லின்ட் பச்சைதான் காட்டும். அந்தப் பழைய ஃபீட் விதிப்படி குறுவிவரத்துக்கு 200 எழுத்து வரம்பு உண்டு. புள்ளியும் கொம்பும் யூனிகோடில் தனித்தனிக் குறியாக எண்ணப்படுவதால் ‘கொங்கு’ என்ற மூன்று எழுத்துக்கே ஆறு போய்விடும். தமிழில் விவரம் எழுதுகிறவர்கள் இதை மனதில் வைத்துத்தான் எழுத வேண்டும். எந்தச் சரிபார்ப்புப் பக்கமும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

அடுத்தது விஎல்சி. எனக்கு ரொம்பப் பிடித்த பிளேயர், வீட்டிலும் அதுதான். நெட்வொர்க் ஸ்ட்ரீமில் இணைப்பை ஒட்டினால் எதுவும் ஓடும். சோதிக்கிறவருக்கு அதுவே தொல்லை. கேமராவிலிருந்து வரும், நிற விவரம் அதிகமுள்ள 10 பிட் 4:2:2 கோப்பும் அதில் அழகாக ஓடும். அதே கோப்பைப் பெரும்பாலான டிவி பெட்டிகளால் ஓட்ட முடியாது. விஎல்சியில் ஓடியது என்பதை நம்பி வெளியிடாதீர்கள்.

நான் முழுசாக நம்புவது எஃப்எஃப்ப்ரோப். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவித் தொகுப்போடு சேர்ந்தே வரும். கறுப்புத் திரையில் கட்டளை அடித்து இணைப்பைக் கொடுத்தால் கோடெக் (வீடியோவைச் சுருக்கிய முறை), அளவு, பிக்சல் வடிவம் (நிறத்தைப் பதிந்த முறை), நீளம் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி கொட்டிவிடும். பிக்சல் வடிவத்தில் ஒய்யுவி420பி என்று வந்தால் டிவிக்கு அனுப்பலாம். 422பி10 என்று வந்தால் மறுபடி என்கோட் செய்ய வேண்டும்.

அதன் அருமை தெரிந்தது ஒரு வள்ளி கும்மிப் பதிவில். நேரலையாகப் போன நிகழ்ச்சி. ஸ்ட்ரீமிங் சேவைக்காரர்கள் முடிந்ததும் பதிவைக் கொடுத்தார்கள், ஃபீடில் ஏறியது. டெக்சாஸிலிருந்து பெரியம்மா போன் செய்தார். “ஏங் கண்ணு, போட்டா நேரா மங்களம் பாடற எடத்துல போயி நிக்குதே, எம்பேத்தி ஆடுனதக் காணமே” என்றார். இணைப்பை எஃப்எஃப்ப்ரோப்பில் கொடுத்துப் பார்த்தேன்: நீளம் இருக்க வேண்டிய இடத்தில் என்/ஏ, அதாவது நீளம் தெரியவில்லை. வீடியோவின் துண்டுகளை வரிசைப்படுத்தும் பிளேலிஸ்ட் கோப்பைத் திறந்தால், பதிவு இத்தோடு முடிந்தது என்று சொல்லும் எண்ட்லிஸ்ட் வரியே கடைசியில் இல்லை. அந்த வரி இல்லாவிட்டால் நேரலை இன்னும் ஓடுவதாகவே டிவி எடுத்துக்கொண்டு கடைசிப் பகுதிக்குத் தாவிவிடும். வரியைச் சேர்த்ததும் முதல் அடியிலிருந்தே ஓடியது. அதிலிருந்து நேரலைப் பதிவு எதுவும் நீளம் வராமல் ஃபீடுக்குள் போவதில்லை. அந்தக் குழந்தைகள் மாதக்கணக்கில் ராத்திரி நேரம் கோயில் மைதானத்தில் பழகி ஆடியது, பாட்டி கண்ணில் பட்டாக வேண்டும்.

எஃப்எஃப்ப்ரோப்பில் குறை இல்லாமல் இல்லை. விண்டோஸில் ஜிப்பை அவிழ்த்து, அது இருக்கும் பாதையை விண்டோஸுக்கு நாமே சொல்ல வேண்டும். புதிதாக வருகிற பிள்ளைகள் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தே மிரள்கிறார்கள். கட்டளையை ஒரு பேட்ச் கோப்பில் எழுதி டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டேன், இணைப்பை ஒட்டினால் போதும். ஃபீடை அது படிக்காது. ஒவ்வொரு வீடியோ இணைப்பாகத்தான் கொடுக்க வேண்டும். குதிரைச் சந்தைத் தலைப்புக்குக் கீழே குண்டம் வீடியோ இருந்தாலும் அதற்குத் தெரியாது. அதற்காகப் புதுப் பதிவு ஒவ்வொன்றையும் ரோக்கு பெட்டியில் போட்டு முதலிலும் நடுவிலும் முடிவிலும் கொஞ்சம் பார்த்துவிடுகிறேன்.

மேக் வைத்திருப்பவர்கள் ஆப்பிளின் மீடியாஸ்ட்ரீம்வேலிடேட்டரையும் சேர்த்துக்கொள்ளலாம். வீடியோவைத் துண்டு துண்டாக அனுப்பும் எச்எல்எஸ் முறையில், துண்டுகளின் நீளம் பிளேலிஸ்டில் சொன்னதற்கு மேல் போனால் அது பிடித்துவிடும். விண்டோஸில் ஓடாது என்பதால் எங்கள் ஆபீஸுக்கு எட்டவில்லை.