மாடியில் ஐந்தடி மீன் தொட்டி: தளம் பார்க்க வந்த இன்ஜினியரைப் பற்றி

கொடுத்த 3,000 ரூபாய்க்கு இவ்வளவு உபயோகமான வேலை எனக்கு யாரும் செய்து தந்ததில்லை, அதனால்தான் எழுதுகிறேன். தேவகோட்டைப் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. மாடி ஹாலில் பெரிய மீன் தொட்டி வைக்க வேண்டும் என்று மகன் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய இரண்டு ஆஸ்கர் மீனும் வரும்போது விரல் நீளம்தான், இப்போது ஒவ்வொன்றும் ஒரு அடியை நெருங்கிவிட்டது. இரண்டடித் தொட்டியில் அவை திரும்ப இடமில்லாமல் நிற்பதைப் பார்க்க எனக்கே மனசு கேட்கவில்லை.

தொட்டி செய்கிற கடையில் 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்று சொன்னேன். கண்ணாடி 12 மில்லிமீட்டர் போட வேண்டும் என்பதுவரை விவரமாகப் பேசினார்கள். மாடியில் வைக்கப் போகிறேன் என்றதும், "பழைய காலத்துக் கட்டடம் சார், யானையே நிற்கும்" என்று முடித்துவிட்டார்கள். தளம் எப்படிப் போட்டது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது எனக்கு இன்றும் வருத்தம்தான், ஏனென்றால் நான் அதை நம்பி முன்பணம் கொடுக்கப் போனேன். தடுத்தது என் மனைவி. ஐந்து புள்ளிக்கு, அதாவது ஐந்து குடும்பத்துக்குப் பொதுவான வீடு, ஏதாவது ஆனால் பங்காளிகளுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டாள். சரி என்று காரைக்குடியில் பழைய வீடுகள் பார்க்கும் ஒரு இன்ஜினியரை வரச் சொன்னேன்.

வந்தவர் முதலில் திண்ணையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார். தொட்டி 20 கன அடி, விளிம்புக்கு இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் தண்ணீர் மட்டும் சுமார் 520 லிட்டர், அதாவது 520 கிலோ. கண்ணாடி 105 கிலோ, கல்லும் மணலும் 80, இரும்பு ஸ்டாண்டு 60. எல்லாம் சேர்த்தால் 760 கிலோவைத் தாண்டுகிறது, அதுவும் பத்துச் சதுர அடிக்குள். அதாவது சதுர அடிக்கு 76 கிலோ. குடியிருக்கும் அறைகளுக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலை சொல்லும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, சதுர அடிக்கு 19 கிலோ கூட வராது. அதற்காக நான்கு மடங்கு என்றவுடன் தளம் இடிந்துவிடும் என்று அர்த்தமில்லை, அறையின் மற்ற இடம் காலியாக இருந்தால் பாரம் தளத்தைத் தாங்கும் பக்கத்து மரக் கட்டைகளுக்கும் கொஞ்சம் பகிரும் என்றார். ஆனால் விசேஷத்துக்கு வருகிற கூட்டம் சாயங்காலம் போய்விடும், தொட்டி பத்து வருடம் ராத்திரி பகலாக அதே இடத்தில் நிற்கும், மரம் அப்படிப்பட்ட பாரத்துக்குத்தான் மெதுவாகத் தொய்யும் என்று அவர் சொன்னது எனக்கு உறைத்தது.

எங்கள் மாடித் தளம் மெட்ராஸ் டெரஸ். ஒன்றரை அடிக்கு ஒரு தேக்குக் கட்டை, அதன்மேல் சன்னமான செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் குத்துக்கல்லாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்துக் கெட்டித்து, மேலே ஆத்தங்குடிக் கல் (பூப்போட்ட தரை ஓடு) பதித்தது. தொட்டியைக் கட்டைகள் ஓடும் போக்கிலேயே வைத்தால் மொத்தப் பாரமும் ஒன்றிரண்டு கட்டையில் இறங்கிவிடும். குறுக்கே வைத்தால் மூன்று, நான்கு கட்டை பங்கு போட்டுக்கொள்ளும், அதுவும் கட்டை நுனி சுவரில் ஏறுகிற ஓரமாக வைத்தால் கட்டையின் நடுவில் வளைவு மிகக் குறைவு. நான் ஆசைப்பட்டதோ ஹாலின் நடுவில், நாலு பக்கமும் நின்று பார்க்கிற மாதிரி. அது கூடவே கூடாது என்று உடனே சொல்லிவிட்டார்.

அப்படியானால் சுவரோரம் வைக்கலாமே என்றேன். அவர் பதில் சொல்லாமல் கீழே போய் ஏணி போடச் சொன்னார். ஒவ்வொரு கட்டையின் நுனியையும் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார், கணீரென்று கேட்டது. மூலையில் மூன்றாவது கட்டையில் மட்டும் சத்தம் மாறியது. ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினார், ஒரு அங்குலம் உள்ளே போய்விட்டது. மேலே ஓட்டுக் கூரையின் தண்ணீர் வழியும் இடத்தில் கசிந்து, சுவருக்குள் இறங்கி, பர்மா தேக்கு நுனியையே மக்க வைத்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் பூக்கல் தரை பளபளவென்று இருக்கிறது, ஒரு விரிசல் கிடையாது. அந்தக் கட்டைக்கு நேர் கீழேதான் எங்கள் ஆத்தா மத்தியானம் பாய் போட்டுப் படுப்பார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அவர் பயமுறுத்தவும் இல்லை, மழுப்பவும் இல்லை. தொட்டி இல்லாவிட்டாலும் அந்த நுனியைச் சரிசெய்தே ஆக வேண்டும், அதுவரை முட்டுக் கொடுங்கள் என்றார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளில் விசாரித்துப் பழைய தேக்கு வாங்கி ஒட்டுப் போடலாம், அதற்கும் முன்னால் ஓட்டுக் கசிவை நிறுத்துங்கள், இல்லையென்றால் புதுக் கட்டையும் போய்விடும் என்று சொன்னார். சரிசெய்த பிறகும் மாடியில் தொட்டி வேண்டாம் என்பதற்கு அவர் சொன்ன காரணம் பாரம் இல்லை, ஈரம். தொட்டியில் தண்ணீர் மாற்றும்போது வாரம் ஒரு குவளை சிந்தினாலும் அது கல் இடுக்கு வழியாகச் சுண்ணாம்புக்கும் கட்டைக்கும்தான் போகும்.

கடைசியில் தொட்டி கீழே, வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில். அங்கேயும் சும்மா விடவில்லை, தரையை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்த்து, அடியில் வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் கேட்ட இடத்தைத் தள்ளி இடம் குறித்தார். ஸ்டாண்டு நாலு காலில் நின்றால் ஒரு காலுக்கு 190 கிலோ, ஆத்தங்குடிக் கல் விரிசல் விட்டுவிடும் என்று அடியில் முழு நீளத்துக்கு இரும்புச் சட்டமும் பலகையும் போட வைத்தார். தொட்டிக்கு அடியில் தெர்மோகோல். முதலில் பாதி நிரப்பி ஒரு நாள் விடுங்கள் என்றார், மறுநாள் அவரே ரசமட்டத்தோடு வந்து பார்த்தார், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

குறை என்றால் இரண்டு. சொன்ன தேதிக்கு நான்கு நாள் கழித்துத்தான் வந்தார். அறிக்கை ஒரே ஒரு பக்கம், கையெழுத்து, படம் கிடையாது, வெளியூரில் இருக்கும் பங்காளிகளுக்கு அனுப்பியபோது எந்தக் கட்டை என்று போனில் ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருந்தது. கட்டைகளுக்கு நம்பர் போட்டு ஒரு வரைபடமும் தந்தால் இன்னும் 1,000 ரூபாய் கூடத் தரலாம்.

முட்டு இன்னும் நிற்கிறது, ஆசாரி தை பிறந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆத்தா இப்போது படுப்பது அந்த இரண்டாம் கட்டுக்குள், தொட்டிக்கு எதிரே.