மின்னும் பெல்லா, அதிரும் மெத்தையா, போனா?

காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேளாதவர்களுக்கு ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கருவி) வைத்த பிள்ளை பகலில் பெல் சத்தம் கேட்டு ஓடிப்போய்க் கதவைத் திறக்கும். ராத்திரி அதன் வெளியே மாட்டும் மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டால் அப்புறம் எதுவும் கேட்காது. அதனால் அந்தப் பிள்ளையை எழுப்பவும் கூப்பிடவும் உதவும் மின்னும் பெல், அதிரும் வைப்ரேட்டர், போன் ஆகிய மூன்றையும் நான் ராத்திரியை வைத்தே எடை போடுகிறேன்.

விளக்கு மின்னும் வயர்லெஸ் பெல்தான் எளிது. பட்டனை வாசலில் ஒட்டி, ரிசீவரை பிளக்கில் செருகினால் போதும். படிக்கும் பிள்ளைக்குச் சரி. ஆனால் ஹாலில் மின்னுவது பெட்ரூமில் தெரியாது. கரண்ட் போனால் ரிசீவரும் போச்சு. போர்வைக்குள் தூங்குகிறவனை அது எழுப்புமா? ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் புரூக், தாமஸ் இருவரும் 2007-இல் கேட்கும் திறன் குறைந்த பெரியவர்களிடம் சோதித்தார்கள். பளிச் பளிச்சென்று மின்னும் ஸ்ட்ரோப் விளக்குக்கு விழித்தவர்கள் கால்வாசி அளவுதான். படுக்கை வைப்ரேட்டருக்கு விழித்தவர்கள் சுமார் 80 சதவீதம்.

அந்த வைப்ரேட்டர், அலாரம் கடிகாரத்தோடு ஒயரில் தொங்கும் ஒரு வட்டத் தட்டு. மெத்தை தடிமனாக இருந்தால் அதிர்வு மேலே வராது, தலையணைக்கு அடியில் வைக்க வேண்டும். பாயில் படுப்பவர்களுக்கும் அதே இடம்தான். புரண்டு படுத்தால் ஒயர் பிடுங்கிக்கொள்ளும். ஹாஸ்டல் இரும்புக் கட்டிலில் வைத்தால் பக்கத்துக் கட்டில்காரியும் எழுந்துவிடுவாள்! பெரிய குறை வேறு: வெறும் கடிகாரத்துக்கு நேரம் மட்டும்தான் தெரியும், வாசலும் புகையும் தெரியாது. ஸ்வீடனின் பெல்மன் விசிட் போன்ற செட்டில் வாசல் பெல், புகை அலாரம் எல்லாம் படுக்கையோரக் கருவியோடு பேசும். எது கூப்பிடுகிறது என்று விளக்கின் நிறம் சொல்லும். விலைதான் இடிக்கும். நம் வீடுகளில் புகை அலாரமே அரிது என்பது வேறு கதை.

போனுக்குத் தனிச் செலவில்லை. 2020 முதல் ஐபோனும் ஆண்ட்ராய்டும் சத்தத்தை அடையாளம் கண்டு அதிர்கின்றன. குருவி மாதிரி கத்தும் நம்மூர் பெல்லைக்கூட ஐஓஎஸ் 16 முதல் ஐபோனுக்குக் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் ஆபத்து நேரத்தில் இதை நம்ப வேண்டாம் என்று ஆப்பிளே எச்சரிக்கிறது. சார்ஜில் இருக்கும் போனைத் தலையணைக்கு அடியில் வைக்கவும் கூடாது.

சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு மின்னும் பெல் போதும், ராத்திரி அம்மா பக்கத்தில் இருப்பாள். பன்னிரண்டு வயதுக்கு மேல் நான் முதலில் வாங்குவது வைப்ரேட்டர் கடிகாரம். என் அக்கா மகள் ஹாஸ்டலுக்குப் போகும் முன் ஒரு மாதம் வீட்டிலேயே அதை வைத்துப் பழகினாள். முதல் வாரம் முழுக்க அக்காதான் அலாரத்துக்கு முன்னால் எழுந்து காத்திருந்தாள்.