கம்பிவேலியா, கிளுவை வேலியா? குருவிகளின் பக்கம் நின்று ஒரு கணக்கு

காட்டுக்கு, அதாவது விவசாய நிலத்துக்கு, வேலியும் வேண்டும், அதில் குருவி கூடும் கட்ட வேண்டும் என்று நினைப்பவர்களுக்குக் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மானாவாரிச் செம்மண், சரளை மண் என்றால் கிளுவை என்ற முட்செடியை நட்டு வளர்க்கும் உயிர்வேலிதான். காங்கேயம், தாராபுரம், கரூர் பக்கத்துக் கொரங்காடுகளை (மானாவாரி மேய்ச்சல் நிலங்களை)த் தலைமுறைகளாகக் காத்து வருவது அதுதான்.

கம்பிவேலியின் நன்மைகளை விளக்க வேண்டியதில்லை. சில நாளில் வேலை முடியும், முடிந்த அன்றே ஆடு உள்ளே வராது, இடம் அடைக்காது. சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 835 அடி. 10 அடிக்கு ஒரு கல்கால் வைத்தால் 84 கால். அதே ஏக்கரில் நாலடி அகலத்துக்கு உயிர்வேலி வளர்த்தால் ஏழரை சென்ட் அதற்கே போய்விடும். அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஐந்து சென்டுக்கு மேல், அதாவது பத்தில் ஒரு பங்கு. அவரிடம் போய்க் கிளுவை நடுங்கள் என்று வற்புறுத்த எனக்கு வாய் வராது.

கம்பியிலும் பறவை உட்காரும். கரிச்சானும் பஞ்சுருட்டானும் பனங்காடையும் அதிலிருந்து பாய்ந்து பூச்சி பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் உட்கார மட்டுமே அது உதவும். கூடு வைக்கக் கவை இல்லை, வைரி (குருவி பிடிக்கும் வல்லூறு) வந்தால் ஒளியப் புதர் இல்லை. முள்கம்பியாக இருந்தால் இரவில் தாழப் பறக்கும் ஆந்தைக்குச் சிறகு மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. கம்பியில் கொடி ஏறாமல் இருக்க அடியில் களைக்கொல்லி அடிப்பது வழக்கமாகிவிட்டதால் கௌதாரி பதுங்கும் புல்லும் போய்விடுகிறது.

கிளுவையின் கிளை நுனிகளே முள்ளாக மாறுபவை. இடுப்புயரத்தில் மூன்று கிளை பிரியும் கவையில் சின்னான் (கொண்டைக்குருவி) காய்ந்த வேரையும் நாரையும் வளைத்து, சிலந்தி நூலால் ஒட்டி, கிண்ணம்போலக் கூடு வைக்கும். சுற்றிலும் முள் நெருங்கியிருந்தால் காக்கையோ பூனையோ உள்ளே நுழைவது கடினம். (ஓணானும் செம்போத்தும் எப்படியாவது நுழைந்துவிடும், அதைத் தடுக்க முடியாது.) கோடையில் கிளுவை இலையுதிர்த்து மொட்டையாக நிற்பது ஒரு குறை. அதனால் பத்தடிக்கு ஒன்றாக ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும் சங்கஞ்செடியை இடையில் வையுங்கள். காரை, சூரை, இலந்தை மூன்றும் பழத்துக்கு. கோவைக்கொடியும் வேலிப்பருத்தியும் தானாக ஏறினால் பிடுங்காதீர்கள். கோவைப்பழம் சின்னானுக்கும் குயிலுக்கும் ஆகும், வேலிப்பருத்தி இலையில் வண்ணத்துப்பூச்சிப் புழு வளரும். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழு, பூச்சியைத்தான் ஊட்டும். பழம் தின்ற குருவி வேலியில் உட்கார்ந்து எச்சமிட, சூரையும் வேம்பும் அடியில் முளைத்து இடைவெளியை அடைப்பது கூலியில்லாத வேலை.

நடவு எளிதுதான். கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரை முற்றிய கிளையில் நாலு, நாலரை அடிப் போத்தாக (நடுவதற்கான குச்சியாக) வெட்டுங்கள். அடிப்பக்கம் சாய்வாகவும் நுனிப்பக்கம் நேராகவும் வெட்டினால் தலைகீழாக நடும் தவறு வராது. வெட்டுவாயில் பால் காயும்வரை சில நாள் நிழலில் போட்டுவைத்து, மழை தொடங்கும்போது ஒரு அடி ஆழத்தில், அரை அடிக்கு ஒன்றாக, ஒன்றை வலப்பக்கமும் அடுத்ததை இடப்பக்கமும் சாய்த்துப் பின்னலாக நடுங்கள். ஏக்கருக்கு 1,670 போத்து வரும். பட்டுப்போவதற்குச் சேர்த்து 1,900 வைத்துக்கொள்ளலாம். இளம்பச்சைக் கிளை சுருங்கிப்போகும், தண்ணீர் தேங்கினால் அடி அழுகும், ஆடு உரசி ஆட்டிவிட்டால் புது வேர் அறுந்துபோகும். கரிசலில் 50 அடி நட்டு ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு மிச்சத்தை நடுவது நல்லது.

இத்தனையும் சரியாகச் செய்தும் பல வேலிகள் வீணாவது கவாத்தில்தான். நட்டதை அப்படியே விட்டால் செடி நுனியில் ஓடும். மேலே குடைபோல விரிய, நிழலில் அடிக்கிளைகள் காய்ந்து மூன்றாம் ஆண்டில் வேலி வெறுங்காலோடு நிற்கும். ஆடு குனிந்து நுழையும். முழங்கால் உயரத்தில் கூடு வைக்கும் கதிர்க்குருவிக்கும் தரையில் முட்டையிடும் கௌதாரிக்கும் அங்கே வேலையில்லை. ஆகவே நன்றாக வேர்பிடித்துத் துளிர்த்த மறு ஆண்டில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒன்றரை அடிக்கு வெட்டுங்கள். அடுத்த வெட்டு மூன்றடியில், பிறகு ஐந்தடியில் நிறுத்துங்கள். அடி நாலடி அகலம், உச்சி இரண்டடி என்று சரிவாக வெட்டினால்தான் அடிக்கிளைக்கு வெயில் படும். ஒரு பக்கம் குந்தி உட்கார்ந்து பாருங்கள்: மறுபக்கம் நிற்பவரின் கால் தெரிந்தால் இன்னும் வெட்ட வேண்டும், இல்லையென்றால் சந்தில் போத்துச் செருக வேண்டும்.

வெட்டும் காலமும் முக்கியம். சின்னானுக்கு மாசி முதல் வைகாசி வரை கூடு கட்டும் காலம். முட்டை பொரிய இரண்டு வாரம், குஞ்சு கூட்டைவிட்டு இறங்க ஏறக்குறைய இன்னும் இரண்டு வாரம். அந்த மாதங்களில் வேலியில் அரிவாள் படக்கூடாது. பிறகும் மழையை ஒட்டிக் கூடு வைக்கும் குருவிகள் உண்டு என்பதால் கிளையை விலக்கிப் பார்த்துவிட்டே வெட்டவேண்டும். முழு வேலியையும் ஒரே ஆண்டில் மொட்டையடிக்காமல் மூன்றில் ஒரு பங்காக முறைவைத்து வெட்டினால் குருவிகளுக்கு எப்போதும் ஒதுங்க இடமிருக்கும். கம்பிக்கு இந்த வேலையெல்லாம் கிடையாது. துரு ஏறினால் மாற்றுவதும் தொய்ந்தால் இழுத்துக் கட்டுவதும்தான்.

கிளுவைக்குப் பதில் உண்ணிச்செடியோ சீமைக்கருவேலோ வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். வேலிகாத்தான் என்று பெயர் வாங்கிய சீமைக்கருவேல் ஆட்டுப் புழுக்கை வழியாக ஊரெல்லாம் முளைத்த கதை தெரிந்ததே.

மயிலை இரண்டு வேலியும் தடுக்காது. காட்டுப்பன்றி அடியைத் தோண்டி நுழையும் ஊரில் கிளுவையை மட்டும் நம்பவேண்டாம். மற்ற இடங்களில் முதல் மூன்று ஆண்டு ஆட்டைத் தடுக்க, முள்ளில்லாத கம்பியை மரக்காலில் இரண்டு வரி இழுத்து, அதற்கு ஓரடி உள்ளே தள்ளிப் போத்தை நடலாம். நாலாம் ஆண்டு கம்பியைக் கழற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் தண்டு பருத்துக் கம்பியை விழுங்கிக்கொள்ளும், அடுத்த கவாத்தில் அரிவாள் வாய் மடங்கும்.