முன்னபின்ன தெரியாதவங்களுக்கு ஸ்டீம்ல கேம் வாங்கிக் குடுக்குறேன், பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு

போன வாரம் ஆஃபீஸ்ல ஒரு தம்பி கேட்டான், "ண்ணா, யாருன்னே தெரியாத ஆளுக்கு எதுக்குண்ணா காசு போட்டு கேம் வாங்கித் தர்றீங்க"ன்னு. டீ ஆறுறதுக்குள்ள சொல்லி முடிக்கிற கதை இல்ல, அதான் இங்க எழுதுறேன். (ஸ்டீம்ங்கறது கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஆன்லைன் கடை, வால்வ்ங்கற கம்பெனியோடது.)

ஆரம்பிச்சது 2013 டிசம்பர்ல. அப்போ ஸ்டீம்ல ரூபா விலையே கெடயாது, எல்லாம் டாலர், ரூபா வந்தது 2015 நவம்பர்ல தான். மாமா கிரெடிட் கார்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கி லெஃப்ட் 4 டெட் 2ங்கற கேமோட நாலு காப்பி பேக் எடுத்தேன். ஒண்ணு நமக்கு, மீதி மூணு காப்பி இன்வென்ட்டரில, அதாவது நம்ம அக்கவுண்ட்லயே இருக்குற ஒரு பெட்டில கெடக்கும், யாருக்கு வேணா குடுக்கலாம். (உபரி காப்பிய அடுத்தவங்களுக்குத் தள்ளிவிடுறது அதுக்கு முன்னாடியே உண்டு, 2007ல ஆரஞ்சு பாக்ஸ்ங்கற கேம் தொகுப்ப வாங்குனவங்ககிட்ட அதுல இருக்குற ஹாஃப் லைஃப் 2 ஏற்கனவே இருந்தா அந்தக் காப்பிய கிஃப்ட் பண்ணிக்கலாம்.) ஹாஸ்டல் பசங்க கம்ப்யூட்டர்ல அது ஓடாது, சரி ஆன்லைன்ல யாராச்சும் கேக்குறவங்களுக்குக் குடுப்போம்னு பெரிய வள்ளல் கணக்கா கெளம்புனா, கிறிஸ்துமஸ் அன்னைக்கு வால்வ் கம்பெனியே அந்த கேம ஒரு நாளைக்கு ஊருக்கே ஃப்ரீயா குடுத்துட்டாங்க. கல்யாண மண்டபத்து வாசல்ல தயிர்சாதப் பொட்டலத்தோட நின்ன மாதிரி ஆயிடுச்சு என் நெலம.

ஆனா பழக்கம் விடல. அப்பல்லாம் சேல் வந்தா சல்லிசான கேமா அஞ்சாறு வாங்கி இன்வென்ட்டரில போட்டு வச்சுக்குவேன், வருஷம் பூரா ஒவ்வொண்ணா எடுத்துக் குடுப்பேன். யாருக்குன்னு யோசிக்கவே மாட்டேன், மொதல்ல கை தூக்குனவனுக்கு. 2017 மே மாசம் அந்த வசதிய நிறுத்திட்டாங்க. இப்ப வாங்கும்போதே இன்னாருக்குன்னு ஃப்ரெண்ட் லிஸ்ட்ல இருக்குற ஒரு ஆள காட்டணும், வேணும்னா தேதி மட்டும் முன்கூட்டியே போட்டு வச்சுக்கலாம். அவங்க வேணாம்னு சொல்லிட்டா காசு நமக்கே திரும்பிடும், முன்னாடி அது நம்ம தலையில தான். எனக்கு அப்ப கடுப்பா இருந்துச்சு, ஆனா உண்மையச் சொன்னா அதுக்கப்புறம் தான் நான் ஒழுங்கா குடுக்கவே ஆரம்பிச்சேன், ஏன்னா ஆள மொதல்ல பாக்க வேண்டியதாச்சு.

"எதுனாலும் ஓகே ப்ரோ"ன்னு கேக்குறவங்களுக்கு நான் குடுக்குறதில்ல, தப்பா எடுத்துக்காதீங்க, அவங்க நல்லவங்களாவும் இருக்கலாம். ஆனா ஒரு பையன் எழுதியிருந்தான், "லேப்டாப்ல 4 ஜிபி ரேம் தான், கிராஃபிக்ஸ் கார்டு இல்ல, ஸ்டார்ட்யூ வேலி ஓடும்னு செக் பண்ணிட்டேன், அடுத்த சேல் வரைக்கும் காத்திருக்கேன்"னு. இவனுக்கு இல்லாம வேற யாருக்கு? சம்மர் சேல்ல அனுப்பிவிட்டேன், பண்ணை வச்சு விவசாயம் பண்ற கேம் அது. மூணு நாள் கழிச்சு ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்துச்சு, ஆரம்பத்துல குடுக்குற 15 பார்ஸ்னிப் வெதையும் ஒரே வரிசையா, நூல் புடிச்ச மாதிரி நட்டு வச்சிருக்கான். பண்ணைக்குப் பேரு "அத்தை தோட்டம்", தமிழ்ல டைப் பண்ண வராததால இங்கிலீஷ் எழுத்துல. ஏன் அந்தப் பேருன்னு நான் கேக்கல. இன்னைக்கு அவன் ப்ரொஃபைல்ல 300 மணி நேரத்துக்கு மேல ஆடுனதா காட்டுது.

எல்லாரும் அப்படி இல்ல. இந்த மணிக்கணக்கப் பாக்குற வியாதி மட்டும் வந்துடவே கூடாதுங்க. ஹாலோ நைட் வேணும்னு ஒருத்தர் அவ்ளோ உருக்கமா கேட்டாரு, வாங்கிக் குடுத்தேன், ஆறு மாசம் கழிச்சுப் போய் பாத்தா மொத்தம் ஆடுனதே 14 நிமிஷம். 14 நிமிஷத்துல மொத பெரிய வில்லன் கூட வந்திருக்க மாட்டான். பயங்கர கோவம். அப்புறம் என் லைப்ரரிய எறக்கிப் பாத்தேன், தொறக்காத கேமே எரநூத்தி சொச்சம் கெடக்குது, நான் யார கேள்வி கேக்குறது.

நான் பண்ணுன ஒரு கேவலமான வேலையும் சொல்லிடுறேன். காசு மிச்சம் புடிக்கலாம்னு ஸ்டீமுக்கு வெளிய கீ (ஸ்டீம்ல போட்டா கேம் தர்ற கோடு) விக்கிற ஏதோ ஒரு சைட்ல பாதி வெலைக்கு ஒரு கீ வாங்கி ஒருத்தருக்குக் குடுத்தேன். ரெண்டு வாரத்துல அவர் அக்கவுண்ட்ல இருந்து அந்த கேம் காணாமப் போயிடுச்சு, கீ கேன்சலாம். அவரு திட்டியிருந்தா கூட பரவால்ல, "உங்க மேல தப்பு இருக்காதுங்க, விடுங்க"ன்னு மெசேஜ் போட்டாரு. அன்னைக்கு ராத்திரியே முழு வெலை குடுத்து ஸ்டோர்லயே வாங்கி அனுப்புனேன். அதோட வெளிக் கீ பக்கமே போறதில்ல.

குடுக்கணும்னு நெனக்கிறவங்க சிலத தெரிஞ்சு வச்சுக்கோங்க. ஸ்டீம்ல 5 டாலர் அளவுக்காவது செலவு பண்ணாத அக்கவுண்ட் ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்ப முடியாது, அதனால நாமளே தான் அனுப்பணும், நம்ம கிஃப்ட் போய் சேந்தாலும் அந்தக் கட்டுப்பாடு போகாது, அவங்க சொந்தக் காசு போட்டா தான். இன்னொண்ணு, வெலை ரொம்ப வித்தியாசப்படுற நாட்டுக்கு கிஃப்ட் போகாது. நம்ம ஊர் வெலை கம்மிங்கறதால அமெரிக்கா ஆளுக்கு அனுப்ப பாத்தா பல கேம் போகாம நிக்கும், நான் இப்ப பெரும்பாலும் இந்தியாவுக்குள்ளயே தான் குடுக்குறேன். ரீஃபண்டும் உண்டு, வாங்குனவர் ஏத்துக்கிட்டப்புறம்னா 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் கம்மியா ஆடியிருந்து, அவரே கேட்டா தான், காசு நமக்கு வரும். அப்புறம் "தெரியாம உங்க அக்கவுண்ட ரிப்போர்ட் பண்ணிட்டேன் ப்ரோ"ன்னு எவனாச்சும் வந்தா பேசாம பிளாக் பண்ணிடுங்க, அது அக்கவுண்ட அடிக்கிற ஏமாத்து வேல, நாலு பேருக்குக் குடுத்தோம்னு வெளிய தெரிஞ்சா இவனுங்க ஈ மாதிரி வருவானுங்க.

அந்த 2013 பேக்ல ரெண்டு காப்பி எப்படியோ போயிடுச்சு. பழைய இன்வென்ட்டரி கிஃப்ட்டுங்கறதால மூணாவது இன்னும் அப்படியே கெடக்குது. இதுவரைக்கும் நாலு பேர்ட்ட நீட்டிப் பாத்துட்டேன், நாலு பேரும் "அது இருக்குங்க"ன்னுட்டாங்க. கேள்வி கேட்ட தம்பிகிட்டயே கேட்டேன், அவன்கிட்டயும் இருக்காம்.