குனிவதா, பக்கவாட்டில் திரும்புவதா? நாயிடம் உடம்பால் பேசும் வழிகள்

பினாங்கு ஜெலுத்தோங்கில் உள்ள எஸ்பிசிஏ (விலங்கு வதைத் தடுப்புச் சங்கம்) காப்பகத்திலிருந்து நாயைத் தத்தெடுத்து வரும் நண்பர்கள் முதலில் கேட்பது, "கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவே மாட்டேங்குது, என்ன செய்யலாம்?" என்றுதான். நாயின் உடல்மொழியை நாமும் காட்டிப் பார்க்கலாம். ஆனால் எதைக் காட்டுகிறோம் என்று பார்த்துச் செய்ய வேண்டும்.

எல்லோரும் முதலில் செய்து பார்ப்பது விளையாட்டுக் குனிவு. முன்கையை நீட்டி, நெஞ்சைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்குவது. மனிதர் செய்தாலும் நாய்க்கு இது புரிகிறது. ஆய்வாளர்கள் நிக்கோலா ரூனியும் ஜான் பிராட்ஷாவும் பிரிட்டனில் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஆள் குனிந்தபோதும் சட்டென்று முன்னால் பாய்ந்தபோதும் நாய்கள் கூடுதலாக விளையாடின. நாம் வழக்கமாகச் செய்யும் தரையைத் தட்டுவது, கிசுகிசுப்பது எல்லாம் அந்த அளவுக்கு எடுபடவில்லை. சரி, ஆனால் இது நம்மை ஏற்கெனவே நம்பும் நாய்க்கு. பயந்த நாய்க்கு முன்னால் குனிந்தால் நம் முகம் நேராக அதன் பல்லுக்கு எதிரே போகிறது. தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) திரியும் தெருநாயிடம் இதைச் செய்யவே கூடாது. 2015இல் பினாங்கில் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) பரவியதை மறந்துவிடக்கூடாது.

பயந்த நாய்க்கு நான் சொல்வது பக்கவாட்டில் திரும்பி உட்காருவதைத்தான். நார்வே நாட்டுப் பயிற்சியாளர் துரித் ருகோஸ், பதற்றத்தைத் தணிக்க நாய்கள் காட்டுவதாக அவர் சொல்லும் இந்த வகைச் சைகைகளைத் தொகுத்துப் பரப்பினார்: தலையைத் திருப்புவது, உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, வளைந்து நெருங்குவது. இதில் கொட்டாவிக்குத்தான் பேர் அதிகம். லண்டனில் 2008இல் நடந்த சோதனையில் ஆள் விட்ட கொட்டாவி 29 நாய்களில் 21க்குத் தொற்றியது. அதனால் பயம் போய்விடும் என்று அர்த்தமில்லை. என் பார்வையில் இங்கே பலன் தருவது வேறு: முறைக்காமல், மேலே கவியாமல், வருவதா வேண்டாமா என்று நாயே முடிவு செய்ய விடுகிறோம். தோளைக் காட்டியபடி தரையில் உட்காருங்கள். பக்கத்தில் வேகவைத்த கோழி ஈரலைச் சிறு துண்டுகளாகப் போட்டுவிட்டு, கையை நீட்டாமல் இருங்கள். வெறும் சாப்பாட்டால் மட்டுமே பழக்குபவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்தால் இன்னும் நல்லது. தீபாவளி வெடிச்சத்தத்தில் நடுங்கும் நாய்க்கும் இதே மாதிரி பக்கத்தில் இருப்பது உதவலாம்.

நாயைப் போல உறுமுவது, மல்லாக்கப் புரட்டி அமுக்குவது: இவற்றை அடியோடு விட்டுவிடுங்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு நடத்தைச் சிக்கலோடு வந்த நாய்களைப் பற்றிய 2009ஆம் ஆண்டு ஆய்வில், உறுமப்பட்டவற்றில் 41 விழுக்காடும் புரட்டப்பட்டவற்றில் 31 விழுக்காடும் ஆக்ரோஷமாகத் திருப்பிக் காட்டின.

கண்ணைப் பார்ப்பது மட்டும் காலத்தோடு மாறும். ஜப்பானில் 2015இல் வெளியான ஆய்வில், நெடுநேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட நாய்க்கும் வளர்ப்பவருக்கும் ஆக்சிடோசின் (பாசப் பிணைப்போடு தொடர்புள்ள ஹார்மோன்) கூடியிருந்தது. நாயே வந்து உங்கள் கண்ணைத் தேடினால் தாராளமாகப் பாருங்கள். அப்புறம் ஒருநாள் குனிந்தும் பாருங்கள்.