வேர்ப்புழுவுக்கு இயற்கை வழிக் கட்டுப்பாடு: கரும்பிலும் புல்தரையிலும் நெடுநாள் அனுபவம்

கோபிச்செட்டிபாளையம் பகுதியில் கரும்பும் நிலக்கடலையும் பயிரிடும் நாங்கள், பூச்சிகளைக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணத்தையும் அவ்வாறே கொல்லும் நுண்ணிய நூற்புழுக்களையும் பல பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். இரண்டும் பலன் தருகின்றன. ஆனால் மண்ணுக்குள் வேரைத் தின்னும் வண்டுப் புழுவான வேர்ப்புழு சிறிதாக இருக்கும்போது கொடுத்தால் மட்டுமே.

வேர்ப்புழு தாக்கிய கரும்பில் இலைகள் மஞ்சளாகிக் காய்ந்து, தூரைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். வீட்டு முன்புறப் புல்தரையில், தண்ணீர் குறையாமல் பாய்ச்சியும் திட்டுத்திட்டாகக் காய்ந்த இடங்களில், வேரற்ற புல்லைப் பாயைப் போலச் சுருட்டிவிடலாம். அடியில் பிறை வடிவில் சுருண்டு, பழுப்புத் தலையும் மூன்று இணைக் கால்களும் கொண்ட வெண்ணிறப் புழு இருந்தால் ஐயமில்லை. எருக்குழியில் கிடைக்கும் பெரும் புழு பெரும்பாலும் காண்டாமிருக வண்டினுடையது. அது மட்கிய பொருளை உண்டு வளர்கிறது, தென்னைக்குத் தீங்கு செய்வது அதன் வண்டுதான். தரையில் விட்டால் முதுகால் ஊர்ந்து செல்லும் புழு பூ வண்டு வகையைச் சேர்ந்தது. அதை எருவிலேயே விட்டுவிடலாம்.

கரும்பைத் தாக்கும் ஹோலோட்ரைக்கியா செர்ராட்டா என்ற வண்டினம் ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான் காண்கிறது. கோடை மழை மண்ணை நனைத்ததும் அந்தி மயங்கும் வேளையில் வண்டுகள் வெளிவந்து, வேம்பு முதலிய மரங்களில் இலை தின்று, இணை சேர்ந்து, விடியுமுன் மண்ணுக்குள் திரும்புகின்றன. ஆகவே அந்த மழைக்குப் பின் சில மாலைகள் வரப்பு வேம்பை உலுக்கி, விழும் வண்டுகளைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த நீரில் போடுவதே எங்கள் முதல் வேலை. விளக்குப் பொறியையும் வைத்துப் பார்த்தோம். நன்மை செய்யும் பூச்சிகளும் அதில் விழுவதால் எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தனி ஒருவர் தோட்டத்தில் மட்டும் வண்டு பொறுக்கினால் பலன் குறைவு, ஏனெனில் பக்கத்துத் தோட்டத்து மரத்திலிருந்து வண்டு பறந்து வந்துவிடும்.

முட்டை பொரிந்து இளம்புழுக்கள் வேரடியில் இருக்கும் நாட்களில், மெட்டாரைசியத்தை மட்கிய தொழுவுரத்தில் கலந்து, நிழலில் ஈரம் காயாமல் வைத்திருந்து, தூரடியில் இட்டு மண்ணணைக்கிறோம். அதையொட்டிப் பூஞ்சாணக்கொல்லி எதுவும் ஊற்றக்கூடாது. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்பதால் பொறுமையற்றவர்களுக்கு இது ஒத்துவராது. நோய்ப்பட்ட புழு விறைத்து, முதலில் வெள்ளையாகவும் பின்னர்ப் பச்சையாகவும் பூசணம் பூத்துக் கிடக்கும்.

நூற்புழுவில் நாங்கள் விரும்புவது ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகா. 1992-இல் இந்த இனம் கோயம்புத்தூரில் கிடைத்த மாதிரியிலிருந்துதான் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இது புழுவின் உடலுக்குள் புகுந்து தன்னோடு வாழும் பாக்டீரியாவை விடுவிக்க, இரண்டு மூன்று நாளில் புழு இறந்து செங்கல் நிறமாகிறது. வெயிலும் வறட்சியும் இதற்கு ஆகா. மாலையில், முன்னும் பின்னும் நீர் பாய்ச்சி விட வேண்டும். புல்தரையில் ஈரத்தைக் காப்பது எளிது என்பதால் அங்கு இது மெட்டாரைசியத்தைவிட நன்றாகவே வேலை செய்கிறது. ஒருமுறை கடை ஒன்றில் வெயிலில் கிடந்த பொட்டலத்தை எங்களிடம் விற்றுவிட்டார்கள். அதில் உயிருள்ளது எதுவுமில்லை. அதனால் இப்போது சிறிதளவை நீரில் கரைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் நெளிவு தெரிகிறதா என்று பார்த்த பிறகே பயன்படுத்துகிறோம்.

அமெரிக்காவில் ஜப்பானிய வண்டின் புழுவுக்கென விற்கப்படும் பால்நோய் பாக்டீரியாத் தூளை இங்கே வரவழைக்க நினைப்பவர்கள், அது அந்த வண்டுக்கென்றே உருவானது என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதிர்ந்த புழு கண்ட வயலில் நாங்கள் பூஞ்சாணத்தையோ நூற்புழுவையோ இடுவதில்லை. கடலை வயலைக் கோடையில் ஆழ உழுதால் காக்கையும் மைனாவும் பொறுக்கிக்கொள்கின்றன. தாக்குதல் மிகுந்த கரும்பு வயலில் மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் வளரும் கரும்பு) விடாமல் நெல் நட்டு நீர் நிறுத்திவிடுகிறோம்.